கோர்ட் கலைந்த பிறகு வக்கீல்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டிலோ மேயோ ஹால் கோர்ட்டிலோ வேலை முடிந்து அலுவலகம் திரும்பியதும், அடுத்த வாரம் தாக்கல் செய்ய வேண்டிய மனுவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற வக்கீல்கள் நிறைய. அன்று கோர்ட்டில் நடந்தது இன்னும் டைரியில் ஏறியிருக்காது. முதல் தவறே இதுதான்.

ஏறினாலும் வாய்தா தேதி மட்டும்தான் ஏறும். எதற்கான வாய்தா? குறுக்கு விசாரணைக்கா, ஆட்சேபணைக்கா, இதுதான் கடைசி அவகாசம் என்று நீதிபதி சொன்னாரா? தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவில் சமரசம் பற்றி விட்ட ஒரு வார்த்தை அதில் வராது. இரண்டு வரி போதும், ஆனால் அன்றைக்கே எழுத வேண்டும். ஜூனியர் ஆஜரானால் அவரே எழுதிவிட்டுக் கிளம்பட்டும். "காலையில சொல்றேன் சார்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். காலையில் அவருக்கு வேறு கோர்ட் இருக்கும்.

இதைவிட ஆபத்தானது, மாலையில் வரும் காகிதத்தைத் தேதி பார்க்காமல் மேஜையில் போடுவது. செக் திரும்பிவந்த மெமோவோடு கட்சிக்காரர் ஆறு மணிக்கு வருவார். நமக்கு அலுப்பு, நாளை பார்ப்போம் என்று கட்டோடு சேர்த்து வைத்துவிடுவோம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு புகார் கொடுக்க ஒரு மாதம். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியே கிடையாது. கட்சிக்காரர் நம் அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, "பேங்க்ல எப்போ சொன்னாங்க?" என்று அவர் எதிரிலேயே கேட்டு, கட்டின் மேலட்டையில் கெடுத் தேதியை எழுதிவிடுங்கள்.

வணிக வழக்கு சம்மனும் இப்படித்தான். சம்மன் பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 120 நாளுக்கு மேல் எழுத்துமூல பதிலுரையை ஏற்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாதாரண சிவில் வழக்கில் கிடைக்கும் தாராளத்தை இங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களை என்ன சொல்வது!

அப்புறம் மறுநாள் வழக்குப் பட்டியல். காலையில் ஆட்டோவில் போகும்போது பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மேயோ ஹாலில் ஒன்று, சிட்டி சிவிலில் ஒன்று என்று ஒரே நேரத்தில் இரண்டு வழக்கு இருப்பது அப்போதுதான் தெரியும். நடுவில் இருப்பது பெங்களூர் டிராஃபிக். முந்தின மாலையே பார்த்தால், நண்பரைக் கூப்பிட்டு ஒன்றில் பாஸ்ஓவர் (அன்றைக்கே சற்றுப் பிறகு எடுத்துக்கொள்ளும்படி) கேட்கச் சொல்லலாம். வாதி தரப்பில் யாரும் இல்லாமல் வழக்கு தள்ளுபடியானால், மீட்க 30 நாளுக்குள் மனுப் போட்டு, கட்சிக்காரரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மெட்ரோவில் கட்சிக்காரரோடு போனில் பேசுவது தனி ரகம். சுற்றிலும் கன்னடக்காரர்கள், தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற தைரியம். தமிழர்கள் நிறைய வாழும் அல்சூர் தாண்டிப் போகும் ரயிலில் இப்படி நினைப்பதற்கு அசாத்திய நம்பிக்கை வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்பது பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-வது பிரிவு. "வீட்டுக்குப் போய்க் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுங்கள். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும், இல்லையென்றால் அவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்.