ஜெல் உறைந்தால் மட்டும் போதாது: வெப்பத்தில் உறையும் பாலிமரில் புரத மருந்து ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிரில் நீர்மமாக இருந்து, உடல் வெப்பத்தில் ஜெல்லாக உறையும் பாலிமரைத் தோலடியில் செலுத்தி, மருந்தை வாரக்கணக்கில் கசியவிடலாம். ஆனால் மாதக் கணக்கு மருந்துக்குப் போலோக்சமர் 407 என்ற, வெப்பத்தில் உறையும் பாலிமரை எடுப்பது தொடக்கத்திலேயே தவறு. 20% கரைசல் நன்றாகத்தான் உறையும். திசுநீர் பட்டதும் நீர்த்து, ஓரிரு நாளில் கரைந்துவிடும். மாதக் கணக்கு மருந்துக்கு பிஎல்ஜிஏ-பிஇஜி-பிஎல்ஜிஏ (நடுவில் பாலிஎத்திலீன் கிளைகால், இரு முனையிலும் லாக்டிக்-கிளைகாலிக் அமிலச் சங்கிலி) போன்ற, உடலில் சிதையும் பாலிமரே பொருந்தும்.

அதைச் சூடாக்கிக் கரைக்காதீர்கள். வெளிப்புறம் ஜெல்லாகி, உள்ளே கட்டி கரையாமல் நிற்கும். 4°செ. குளிரில் மெதுவாகக் கலக்கினால் ஓரிரு நாளாவது பிடிக்கும். கரைத்ததை வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். தண்ணீரில் பாலிமர் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகள் உடைந்துகொண்டே இருக்கும். புரதத்தைக் கடைசியில், நுரை வராமல் சேருங்கள். நுரையின் காற்றுப் பரப்பில் புரதம் மடிப்பு குலைந்து திரளும்.

உறையும் வெப்பநிலையை வெறும் நீரில் பார்த்தால் பயனில்லை. உப்பும் புரதமும் அதை மாற்றும். இறுதிக் கலவையில் 0.5 மி.லி.யைச் சிறு குப்பியில் எடுத்து, 1 டிகிரி வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 10 நிமிடம் வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள்; வழியாமல் நின்றால் உறைந்துவிட்டது. ஊசி போடும்போது சிரிஞ்ச் குளிர்ந்திருக்க வேண்டும். தாமதித்தால் ஊசிக்குள்ளேயே உறையும்.

மிகப் பெரிய சிக்கல் அமிலம். பிஎல்ஜிஏ சிதையும்போது லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் ஜெல்லுக்குள் தேங்கி, pH சரிந்து, புரதம் திரண்டுவிடும். ஜெல்லிலிருந்து புரதம் வெளியேறுவது பாதியில் நின்றால் பலர் அதை ‘மெதுவான வெளியீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். புரதம் உள்ளேயே கெட்டுச் சிக்கியிருக்கலாம். மீதி ஜெல்லைக் கரைத்து, போட்ட புரதத்துக்கு முழுக் கணக்கு பாருங்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் சேர்ப்பது பல புரதங்களுக்கு உதவும்.

வெளிவந்த புரதத்தின் அளவு மட்டும் போதாது. திரள் உண்டா, வேலை செய்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஜெல் இல்லாமல், வெளியீட்டுச் சோதனையில் ஜெல்லை வைக்கும் அதே பஃபரில் (pH-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) 37°செ.யில் ஒரு புரத மாதிரியையும் கூடவே வையுங்கள். அது தானாகவே கெடுகிறது என்றால் பழி ஜெல்மீது போகாது. பஃபரில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கும் 0.02% சோடியம் அசைடு செல் சோதனையில் செல்களைக் கொல்லும், எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) நிறம் தரும் பெராக்சிடேஸ் நொதியை முடக்கும். மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்குமுன் அதை நீக்குங்கள்.