முல்லைத்தீவுக்குப் போகிறீர்களா? கிட்டத்தான் என்றால் நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஐந்து சொந்தக்காரர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டு வீட்டுக்குப் போனாலே பொழுது சாய்ந்துவிடும். நிலம் 2,600 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் சனம் ஏறத்தாழ 92,000 பேர். யாழ் மாவட்டத்தைவிட இரண்டரை மடங்கு பெரிய இடத்தில் அங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு ஆட்கள். நாட்டிலேயே சன அடர்த்தி ஆகக் குறைந்த மாவட்டம் இதுதான்.

போன முறை ஒட்டுசுட்டான் சந்தியில் ஒரு ஐயாவிடம் வழி கேட்டேன். "கிட்டத்தான் தம்பி, குளக்கட்டால ஏறி இறங்கினால் சரி" என்றார். ஏறி இறங்க ஓட்டோவில் முக்கால் மணித்தியாலம் போனது. அவர் பொய் சொல்லவில்லை. இடையில் வேறு ஊர் எதுவும் இல்லாததால் அவருக்கு அது அடுத்த ஊர்.

ஏ9 வீதியில் இருந்து உள்ளே போக முக்கியமான வழி இரண்டு. மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான் ஊடாக ஏ34. பரந்தனில் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக ஏ35. இரண்டும் முல்லைத்தீவு நகரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். முதலாவது காடும் குளமும், இரண்டாவது சனமும் கடையும். ஒன்றால் போய் மற்றதால் திரும்புங்கள். ஏ35இல் வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடப்பீர்கள். 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் அதற்குச் சற்று முன்னே. ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டிய பிறகு யானை வரும், வெளிச்சத்தோடு திரும்பிவிடுங்கள்.

ஊர்ப்பெயரைப் படித்தால் பாதி வரைபடம் கையில் இருக்கும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கற்சிலைமடு, தண்ணிமுறிப்பு, கருநாட்டுக்கேணி: எல்லாம் தண்ணீரின் கணக்கு. முறிப்பு என்றால் குளக்கட்டு முறிந்த இடம் என்பார்கள். குளத்தை விட்டால் வயல், வயலை விட்டால் காடு. கிழக்கே போனால் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளும் மீன்பிடி ஊர்களும்.

நிர்வாகத்தில் பிரதேச செயலகப் பிரிவு ஆறு: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா. கடைசியை நம்மவர் மணலாறு என்பார்கள். அங்கே இப்போது பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம். மாவட்டம் உருவானதே 1978இல்தான். அதனால் அப்பப்பாவின் பழைய காணி உறுதியில் வவுனியா அல்லது மன்னார் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்களும் வன்னியில் வேரூன்றிவிட்டன. 2009இல் முடிந்த போரில் மாவட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்து பிறகு மீளக் குடியேறினார்கள், எல்லாரும் பழைய காணிக்கே திரும்பவில்லை. ஆகவே ஆளைத் தேடிப் போகிறவர்கள் பழைய விலாசத்தை நம்பாமல் முதலில் விதானையாரை, அதாவது கிராம அலுவலரைப் பாருங்கள். ஊர் மாறிய குடும்பம் எங்கே என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அவர்தான்.

காணி பார்க்கப் போனால் நடந்த தடத்தை விட்டு விலகாதீர்கள், மிதிவெடி இருக்கலாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை தெரிந்தால் படம் எடுக்கக்கூட உள்ளே கால் வைக்க வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. வீதி வெள்ளத்தில் மறையும். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் ஒரு திங்கட்கிழமை வரும். அதற்கு முந்திய வாரம் கடலில் எடுத்த நீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பார்கள். போரில் இறந்தவர்களுக்கான மே 18 நினைவேந்தலும் ஏறத்தாழ அதே காலம். தங்க அறை கிடைப்பது கடினம், உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆனி, ஆடியில் போனால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சளாய், சின்னதாய், தேன்போல இனிக்கும். நாலைந்து தின்றதும் பால் ஒட்டி இரண்டு உதடும் பசை போட்டதுபோல் ஆகிவிடும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிட்டுக் கொடுங்கள். எங்கள் மகள் வாகனத்துக்குள் அழத் தொடங்கிவிட்டாள்.