மாசிப்பட்டத்துக்கு வீட்டுத் தோட்டம்: கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்

பொங்கல் முடிந்த கையோடு தோட்டத்தைக் கொத்திப் போட்டால்தான் மாசியில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்ற வசதியாக இருக்கும். ஆனால் மண்வெட்டியை எடுக்கும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் அதிகம், சில நாள் காயட்டும். மதுரை திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இது ரொம்ப முக்கியம். ஈரத்தோடு கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, அப்புறம் சம்மட்டி கொண்டுதான் உடைக்க வேண்டும். செம்மண்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

எரு விஷயத்தில் அவசரம் வேண்டாம். பத்துக்குப் பத்து அடி இடத்துக்கு மக்கிய தொழுவுரம் 25 கிலோ, வேப்பம்புண்ணாக்குக் கால் கிலோ போதும். தொழுவுரத்துக்குள் கையை விட்டால் சூடு இருக்கக் கூடாது, சாண வாடையும் அடிக்கக் கூடாது. பச்சைச் சாணத்தைப் போட்டால் கரையானையும் வேர்ப்புழுவையும் விருந்துக்கு அழைத்த மாதிரிதான்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி விட்டு ஊன்றுங்கள். முளைத்து நிமிர்ந்ததும் செடியைச் சுற்றி மண்ணை மறைக்கும்படி மூடாக்கு போட்டுவிடுங்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் என்றால் கரும்புத் தோகை, சோழவந்தான் என்றால் தென்னை மட்டை, எது கிடைத்தாலும் சரி. பங்குனி வெயிலில் தண்ணீர் நன்றாக மிச்சமாகும். தண்டை மட்டும் ஒட்டாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும்.