பழைய பென்ஸில் ஏ.எம்.ஜி. எழுத்து: அசலா என்று பார்க்கும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பழைய ஜெர்மன் செடான் ஒன்று விலைக்கு வந்து, அதன் டிக்கியில், பென்ஸ் கார்களை மாற்றியமைத்து வேகம் கூட்டும் நிறுவனமான ‘ஏ.எம்.ஜி.’யின் எழுத்து மின்னினால், விலை பேசுவதற்கு முன் ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அது பதிவில் ஏறியிருக்க வேண்டும். அடுத்து, சேசிஸ் எண்ணைக் கொண்டு, தொழிற்சாலையில் பொருத்தியவற்றைச் சொல்லும் தரவு அட்டையைத் தேடிப் பெறுங்கள். ஆனால் 1967இல் தொடங்கிய ஏ.எம்.ஜி. நெடுங்காலம் தனி நிறுவனமாகவே இயங்கியதால், அக்காலத்தில் வெளியே செய்த மாற்றங்கள் அந்த அட்டையில் இரா; அவற்றுக்குப் பழைய ரசீதுகளே சாட்சி. பி.எம்.டபிள்யூ.வை மாற்றித் தந்த அல்பினா நிறுவனம் 1983 முதல் ஜெர்மனியில் வாகன உற்பத்தியாளராகவே பதிவு பெற்றது என்பதால், அங்கே குழப்பம் குறைவு.

சக்கரமும் ஏ.எம்.ஜி.யுடையதுதானா என்று அறிய, அதைக் கழற்றி, அலாயின் உட்புறத்தில் வார்க்கப்பட்ட பாக எண்ணையும் படியுங்கள்.

நான் இவற்றையெல்லாம் செய்யாமல், ஒரு தரகர் பேச்சை நம்பி, குறுவை நெல் விற்ற பணத்தில் டபிள்யூ 124 என்ற பழைய பென்ஸ் மாடல் ஒன்றை, ஏ.எம்.ஜி. சின்னத்தோடு வாங்கினேன். ஒரு நாள் டிக்கியைத் துடைக்கையில் சின்னம் கையோடு வந்தது. அதன் அடியில், வெயிலில் மங்காத பெயின்ட்டில், சாதாரண மாடலுக்குரிய ‘இ 220’ என்ற பழைய எழுத்தின் தடம் துல்லியமாகத் தெரிந்தது. ஆயினும், கல்லணைச் சாலையில் அது ஓடிய அழகுக்காகவே பதினோரு ஆண்டுகள் வைத்திருந்தேன்.