நாற்பதைத் தாண்டிய பிறகு 1600 மீட்டர் ஓடுவது எப்படி

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ விடியற்காலை எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இரண்டு கூட்டம் இருக்கும். ஓட்டத் தடத்தின் உள்கோட்டை ஒட்டி போலீஸ் வேலைக்கும் ஆர்மிக்கும் ஓடுகிற பையன்கள். வெளிப்பக்கமாகக் கையை வீசிக்கொண்டு, பைபாஸ் பக்கம் சென்ட் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டு நடக்கிற நம்ம வயசுக்காரர்கள். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறோம், திரும்பி வரும்போது டீக்கடையில் இரண்டு போண்டா, நடந்ததும் தின்றதும் சரியாகப் போய்விடுகிறது. வெளிப்பக்கத்திலிருந்து உள்கோட்டுக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை உள்ள ஆண்களை மனசில் வைத்து எழுதியது.

ஏன் 1600 என்றால், ஒரு மைல் என்பது 1609 மீட்டர், 400 மீட்டர் தடத்தில் நாலு ரவுண்டு, அதற்கு மேல் ஒன்பது மீட்டர் சொச்சம். நடுத்தர வயதில் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான டெஸ்ட் கிடையாது. அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து கூப்பர் கிளினிக்கில் உடல் பரிசோதனைக்கு வந்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் டிரெட்மில்லில் அளந்த தெம்பை மைல் நேரமாக மாற்றிச் சொன்னார்கள்: 55 வயது ஆண் ஒருவருக்கு மைல் ஓட 15 நிமிஷம் ஆகிறதென்றால் வாழ்நாளில் இதய நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம், 8 நிமிஷத்தில் முடிக்கிறவருக்கு 10 சதவீதத்துக்கும் கீழே. எட்டு நிமிஷம் ஓடிவிட்டால் மாரடைப்பே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் நம்ம நாட்டுக்காரர்களுக்கு இதய நோய் மேற்கத்தியர்களைவிடச் சில வருஷம் முன்னாடியே வந்துவிடுகிறது, அதனால் இந்தக் கணக்கை அமெரிக்கக்காரன் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஐம்பதுகளில் இருக்கிற ஆணுக்கு 8 நிமிஷம் நல்ல நிலை, 9 நிமிஷம் பரவாயில்லை, 10-க்கு மேல் போனால் வேலை இருக்கிறது. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ரவுண்டுக் கணக்கு சுலபம். 8 நிமிஷம் என்றால் ரவுண்டுக்கு 2 நிமிஷம், 9 என்றால் 2:15, 10 என்றால் 2:30. பையன்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால், தமிழ்நாடு போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்க வேண்டும். அதே வேகத்தில் போனால் மைல் ஏழரை நிமிஷம். அதாவது 48 வயசில் ஏழரை நிமிஷத்துக்குள் மைல் ஓடுகிறவர், அந்த ஓட்டத்தைப் பொறுத்தவரை, இன்றைக்கும் கான்ஸ்டபிள் பாஸ். ஆர்மிக்கு ஆள் எடுக்கிற ரேலி வேறு கதை. 1600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால்தான் முழு 60 மதிப்பெண். அந்தப் பையன்கள் பின்னால் நாம் ஓடக் கூடாது, இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் டாக்டர். இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். சுகர், பிரஷர், கொலஸ்டிரால் பார்த்து ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயசில் மாரடைப்பு வந்திருந்தாலோ, பீடி சிகரெட் பழக்கம் இருந்தாலோ, சுகர் இருந்தாலோ டிரெட்மில் டெஸ்டும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய மாத்திரை (கிளிமிபிரைடு மாதிரி) எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் ஓடினால் மயக்கம் வரலாம், எப்போது என்ன சாப்பிட்டு ஓடலாம் என்று அவரிடமே கேளுங்கள், பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். மெட்டோப்ரோலால், அடெனலால் மாதிரி பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு மேலே ஏறாது, அதனால் கைக்கடிகாரம் காட்டுகிற எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கிற வலி, குளிர்ந்த வியர்வை, இதில் ஏதாவது வந்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்ததே அதற்காகத்தான். ஆனால் நம்ம வயசுக்காரர்கள் சின்ன வயசு முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள், அது எலும்பையும் மூட்டையும் இறுக வைக்கக்கூடும். காலையில் எழுந்தால் முதுகும் கழுத்தும் கட்டை மாதிரி இறுகி, குனியவே சிரமமாக இருக்கிறது, பல வருஷமாக அப்படித்தான் என்றால், அது ஓடாததால் வந்த பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், எந்த ஊரில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எலும்பு டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். மைல் ஓட்டத்தில் செலவாகிற சக்தியில் பெரும்பகுதி மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனை வைத்துத்தான் வருகிறது. அந்த அடித்தளம் மெதுவாக, நிறைய ஓடினால்தான் வளரும். நம்ம ஆட்கள் இதை நம்பவே மாட்டார்கள். ஓட ஆரம்பித்த முதல் நாளே நாலு ரவுண்டு முக்கி முனகி ஓடி, மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூன்றாம் நாள் செருப்பு மாட்டி மறுபடி வெளிப்பக்கம் வந்துவிடுவார்கள். எவ்வளவு மெதுவாக என்று கேட்டால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் மாங்காய் சீசன் எப்படி என்று முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வேகமாக நடக்கிற பெண்கள் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும்.

நடந்தே பழகியவர் ஆரம்பத்தில் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை என்று அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் போனால் போதும், வாரம் நாலு நாள், நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக இருந்தால் நல்லது. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட வரும். உடம்பு கனமாக இருக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம், அதில் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இந்தக் கட்டத்தில் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் ரொம்ப நல்லது.

அவசரம் ஏன் கூடாது என்றால், ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே நெஞ்சும் நுரையீரலும் பழகிவிடும், தசைநாரும் கெண்டைக்காலும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தயார், கால் தயார் இல்லை. ஆபத்து அங்கேதான். எங்கள் கிரவுண்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவர், பள்ளிக்கூட நாளில் நன்றாக ஓடியவர், இரண்டு மாதம் ஒழுங்காக மெதுவாக ஓடினார், ஒருநாள் ஆர்மிப் பையன்கள் 400 மீட்டர் வேகமாக ஓடும்போது “வாங்கண்ணா” என்று ஒருத்தன் கூப்பிட்டுவிட்டான். இருநூறு மீட்டர் வரைக்கும் அவர்களோடுதான் போனார். வளைவு முடிகிற இடத்தில் சடாரென்று நின்று திரும்பிப் பார்த்தார், பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. இந்த வயசில் ஓடுகிற ஆண்களுக்கு இது ரொம்ப சகஜமான காயம், ஆறு வாரம் சுலபமாகப் போய்விடும். தடுக்க வழி இருக்கிறது: வீட்டு வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகத் தூக்கி அதைவிட மெதுவாக இறக்குவது, பதினைந்து தடவையாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலில். கூடவே கொஞ்சம் தோப்புக்கரணம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கோட்டை மலை இருக்கிறது, ஏறுவது அருமையான பயிற்சி, இறங்கும்போதுதான் முட்டியைப் பதம் பார்க்கும், நிதானமாக இறங்குங்கள்.

அரை மணி நேரம் சௌகரியமாக ஓட வந்த பிறகுதான் வேகம். முதலில் சில வாரம், மெதுவான ஓட்டம் முடிந்ததும் 80, 100 மீட்டர் நாலு தடவை, முழு வேகத்தில் இல்லை, முக்கால் வேகத்தில், நிமிர்ந்து, காலடி லேசாக. நடுவில் நடந்து திரும்பி வரலாம். அது பழகினால் வாரத்தில் ஒரே ஒரு நாள் 400 மீட்டர். உங்கள் குறி 9 நிமிஷம் என்றால் ஒவ்வொரு 400-ஐயும் 2:15-க்குள், அதைவிட ரொம்ப வேகமாகவும் இல்லாமல், நடுவில் இரண்டு நிமிஷம் நடை. நாலில் தொடங்கி ஆறு வரை கூட்டலாம். கடைசி 400-உம் முதல் 400-உம் ஒரே நேரத்தில் முடிந்தால் சரியாக ஓடியிருக்கிறீர்கள். முதலாவது 1:55, கடைசி 2:40 என்றால் அது பயிற்சி இல்லை, வீம்பு. மறுநாள் ஓய்வு. மற்ற மூன்று நாளும் பழையபடி மெதுவாகத்தான்.

நேரம் பார்க்கிற நாள். அளவில் முதலில் கவனம் வேண்டும். 400 என்பது உள்கோட்டில் மட்டும்தான், ஒவ்வொரு கோடு வெளியே போகும்போதும் ரவுண்டுக்கு ஏழரை மீட்டர் சொச்சம் கூடும், நாலாவது கோட்டில் ஓடினால் நாலு ரவுண்டில் தொண்ணூறு மீட்டர் கூடுதலாக ஓடியிருப்பீர்கள். பல பள்ளிக்கூட கிரவுண்டில் தடமே 200 மீட்டர்தான், அங்கே எட்டு ரவுண்டு. போன் ஆப்பை வளைவுகளில் நம்ப முடியாது. பத்து நிமிஷம் நடையும் மெதுவோட்டமும், இரண்டு மூன்று 80 மீட்டர், உடம்பு லேசாக வியர்த்த பிறகு கோட்டில் நில்லுங்கள். நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஒருத்தர் கோட்டில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

முதல் 200 மீட்டரில்தான் எல்லோரும் கெடுப்பார்கள். உடம்பு ஃபிரெஷ்ஷாக இருக்கும், மெதுவாகப் போவதாகத் தோன்றும், வாட்ச் பார்த்தால் 55 விநாடி. 9 நிமிஷக் குறிக்கு அங்கே 67 காட்ட வேண்டும். ‘இவ்வளவு மெதுவா’ என்று சந்தேகம் வருகிற வேகம்தான் சரியான வேகம். இரண்டாவது ரவுண்டில் அதே தாளம், தோளை இறக்கி, முஷ்டியை இறுக்காமல். மூன்றாவது ரவுண்டு மோசமானது, தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, ஷூ லேஸ் அவிழ்ந்த மாதிரி இருக்கும், வீட்டில் கேஸ் சிலிண்டர் வரும் நாள் இன்றைக்கா என்று யோசனை ஓடும். அந்த ரவுண்டில் கூடுதலாக முயற்சி போட்டால்தான் அதே நேரம் வரும். கடைசியில் 300 மீட்டர் இருக்கும்போது கையை வேகமாக வீசத் தொடங்குங்கள், கால் தானாகப் பின்னால் வரும். முடித்ததும் படுத்துவிடாதீர்கள், ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் எடுத்த நேரத்தை மார்கழியில் எடுத்ததோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஊரே தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருக்கிறது. பெங்களூரு ரோட்டின் சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறவர்கள் வண்டி எதிரே வருகிற பக்கமாக, வெளிர் நிறச் சட்டையோடு, காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய், கட்டைவிரல் முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் பெரிய மந்திரம் இல்லை. சர்க்கரை பிரச்சினை இல்லாதவர்கள் ஓடும் முன் ஒரு வாழைப்பழமோ வெறும் காபியோ போதும். முடித்த பிறகு ராகிக் கூழ், இரண்டு முட்டை, அவித்த வேர்க்கடலை. போண்டாவை நிறுத்துங்கள். தொப்பையில் மூன்று நாலு கிலோ குறைந்தாலே, வேறு எதையும் மாற்றாமல், ரவுண்டுக்குச் சில விநாடி தானாகக் குறையும்.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நேரம் பார்த்தால் போதும், அதே கிரவுண்டு, அதே நேரம், நோட்டில் ரவுண்டு ரவுண்டாக எழுதி வையுங்கள். முதல் வருஷம் நேரம் நன்றாக இறங்கும், அப்புறம் நின்றுவிடும். உட்கார்ந்தே இருக்கிறவருக்கு முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம் ஆக்சிஜன் இழுக்கிற திறன் குறைகிறது, விடாமல் பயிற்சி செய்கிறவருக்கு அது பாதியாக இருக்கும். ஆகவே 46-இல் ஓடிய 8:20-ஐ 50-இலும் ஓடினால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள் என்றே கணக்கு. அயர்லாந்துக்காரர் ஈமன் காக்லன் 1994-இல் 41 வயசில் உள்ளரங்கில் மைலை 3:58-இல் ஓடினார், நாற்பதைத் தாண்டி நாலு நிமிஷத்துக்குள் வந்த முதல் ஆள். அவர் முன்னாள் உலக சாம்பியன், அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். நேரம் இறங்காமல் நின்றுபோனால் 400-ஐக் கூட்டாதீர்கள், மெதுவான ஓட்டத்தில் ஒன்றை அரை மணியிலிருந்து ஐம்பது நிமிஷமாக நீட்டிப் பாருங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை அதற்கு நல்ல இடம்.