பனியன் கம்பெனி வேலை போனால் நம் பிள்ளைகள் செய்கிற தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். திருப்பூரிலிருந்து பையும் பாயுமாக ஏறி வந்த பிள்ளைகள் அங்கேதான் தேடி வருவார்கள். "அண்ணா, பி.எஃப். எப்படி எடுக்கிறது?" முக்கால்வாசிப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். அம்மா கொழுந்து பறிக்க, மகள் பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனிக்கு இறங்கியவள். நானும் அப்படி இறங்கியவன்தான். 9 வருஷம் பவர் டேபிளில் தைத்தேன். இவர்கள் செய்கிற தவறுகள் எல்லாம் நான் ஏற்கெனவே செய்து பார்த்தவை.

ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இறக்குமதியால் வேலை போனதென்று தனி உதவி தேடுவது

அமெரிக்காவில் 1962 முதல் அப்படி ஒரு திட்டம் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கால் வேலை போனவர்களுக்கென்றே உதவித்தொகை, மறுபயிற்சி. 2022 ஜூலையோடு புதிய மனுக்களைப் பரிசீலிப்பது அங்கேயும் நின்றுவிட்டது. நம்மூரில் பஞ்சாலை மூடினால் கிடைத்த மறுவாழ்வு நிதி 1986-இல் வந்தது. முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்து 50, அப்புறம் 25. அதையும் 2017-இல் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். உங்கள் வேலையைத் தின்றது பங்களாதேஷ் சட்டையா சீனத் துணியா என்று எந்தக் கவுண்டரிலும் கேட்க மாட்டார்கள். எப்படி வெளியே வந்தாய் என்பதுதான் கேள்வி.

ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உள்நாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த கம்பெனி என்னுடையது. 2011-இல் பங்களாதேஷின் 46 வகை ஜவுளிக்கு இந்தியா தீர்வையை நீக்கியது. அடுத்த வருஷமே எங்கள் லைனில் பாதி மிஷினுக்கு உறை போட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மேஜை மேல் 12,000 ரூபாயை வைத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாள். "ஒண்ணுமில்லப்பா, கணக்கு முடிக்கிறதுக்கு." போட்டேன். சொந்தக் காரணங்களுக்காக நானே வேலையை விடுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது மேட்டுப்பாளையம் தாண்டி, பஸ்ஸில் பக்கத்து சீட் வாத்தியார் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

ஆட்குறைப்பு என்றிருந்தால் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் வந்திருக்கும். 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருஷம் என்று கணக்கு. எனக்கு அப்போது நாளுக்கு 220 ரூபாய். 135 நாளுக்கு 29,700. ஒரு மாத முன்னறிவிப்புச் சம்பளம் தனி. 1947 தொழில் தகராறு சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் சரி, இந்த 15 நாள் மாறவில்லை.

"சரக்கு தேங்கிப் போச்சு, நஷ்டம், நான் எங்கே போவேன்" என்பார் முதலாளி. மூடுவது தவிர்க்க முடியாத காரணத்தால் என்றால் இழப்பீடு 3 மாதச் சம்பளத்தைத் தாண்டாது என்பது உண்மை. ஆனால் நஷ்டமும் விற்காத சரக்கும் அந்தக் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்கிறது. பாவம் பார்ப்பது உங்கள் இஷ்டம்.

ஈ.எஸ்.ஐ.யிலும் இதே கதைதான். ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பு என்றால், மேலே சொன்ன ராஜீவ் காந்தி திட்டத்தில் குறைந்தது 2 வருஷம் சந்தா கட்டியவருக்கு முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு, கூடவே குடும்பத்துக்கு வைத்தியம். 2018-இல் வந்த அடல் திட்டம் என்கிற இன்னொரு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலையில்லாத நாளுக்கு உதவித்தொகை 90 நாள் வரை, ஆயுளில் ஒரே தடவை. தானாக விலகியவருக்கு முதலாவது கிடையாது. விருப்ப ஓய்வு என்று பதிந்திருந்தால் இரண்டாவதும் கிடையாது. மாதச் சந்தா ஏற்றும்போது கம்பெனி ஒரு காரண எண் போடும். "வேலையை விட்டார்" ஒரு எண், "ஆட்குறைப்பு" வேறு எண். எதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

போன மாதம் ஒரு பெண், செக்கிங்கில் 6 வருஷம், தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். "இதுல கையெழுத்து போடலாமா அண்ணா?" அடியில் தமிழில் "பாக்கிச் சம்பளம் மட்டும் பெற்றேன், ராஜினாமா செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் போடச் சொன்னேன். மேனேஜர் தாளைப் பிடுங்கிக்கொண்டாராம். சரி, போட்டோ இவளிடம் இருக்கிறதே.

பென்ஷன் பணத்தையும் வழித்து எடுப்பது

பி.எஃப். எடுங்கள், வீட்டில் அடுப்பு எரியணும். பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். 10 வருஷம் சேர்ந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். அதை எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் அழிந்து, அடுத்த கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பென்ஷன் பங்குக்கான 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில், சேர்ந்த வருஷங்களைக் காப்பாற்றி வைக்கிற ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள். 7 வருஷத்தை 30,000 சொச்சத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த பையனை என்ன சொல்லித் திட்டுவது?

கம்பெனிக்கு ஒரு ஈ.எஸ்.ஐ. நம்பர்

வேண்டாம். பழைய நம்பரையே கொடுங்கள்.

மலையில் மனு கொடுப்பது

வேலை செய்தது திருப்பூர் என்றால் தகராறு மனுவும் திருப்பூரில்தான். பஸ் காசு போனால் போகட்டும்.