மாந்தோப்பு, பட்டுக்கூடு, ஓசூர் சம்பளம்: வருமான வரியைச் சட்டப்படி குறைப்பது எப்படி?

ஜனவரி பிறந்தால் போதும், ஓசூர் கம்பெனி வாசல்களில் "வரி மிச்சம் பண்ண ஒரு பாலிசி போடுங்க சார்" ஆரம்பித்துவிடும். கையெழுத்துப் போடும் முன் கீழே உள்ளதை ஒருமுறை செய்து பாருங்கள். கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரைக்கும்.

படி 1: வருமானத்தை வகை பிரியுங்கள்

வரி குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும், ஆனால் யாரும் இதற்கு நேரம் கொடுப்பதில்லை. ஒரு தாளில் சம்பளம், வங்கி வட்டி, கடை, தோப்பு, பட்டுப்புழு எனத் தனித்தனியாக எழுதுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் குழப்பம் வருவது கடைசி இரண்டில்தான்.

சொந்தத் தோப்பில் விளைந்த மாங்காயை மண்டியில் போட்ட பணம் விவசாய வருமானம், வரி கிடையாது. நிலத்தை விவசாயத்துக்குக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமும் அப்படியே. ஆனால் காய் பிடித்த பிறகு மரத்தின் காய்ப்பை மட்டும் பேசி வாங்கி, பறித்து விற்கும் வியாபாரிக்கு அது வியாபார வருமானம், வரி உண்டு. மாங்கூழ் போட்டு விற்றாலும் கூழாக்கியதில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. சொந்தப் பழம் என்றால் அதன் சந்தை விலையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

பட்டுக்கூடு இன்னொரு வகை. மல்பெரி வளர்த்து இலையை விற்றால் விவசாயம். அதே இலையைப் புழுவுக்குப் போட்டு, கூட்டை தருமபுரி மார்க்கெட்டில் விற்றால் அது விவசாய வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. "விவசாயம்தானே, காட்ட வேண்டாம்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

விவசாயத்துக்கு ஏன் இந்தச் சலுகை? 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் குடியானவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் ஆரம்பித்தார்கள். 1857 கலகச் செலவில் கஜானா காலியானதும் 1860-இல் ஆங்கில அரசின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டு வந்தார். ஏற்கெனவே நிலவரி கட்டுகிற நிலத்தின் வருமானத்தை 1886 சட்டம் அதிலிருந்து விலக்கியது. ஆகவே கிஸ்தி ரசீது, சிட்டா, அடங்கல், மண்டிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கேள்வி வந்தால் அவைதான் சாட்சி.

படி 2: வரித் துறையிடம் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணை வைத்து உள்ளே போய் உங்கள் வரவுகளையும் பிடித்த வரியையும் காட்டும் ஏஐஎஸ், 26ஏஎஸ் என்ற இரண்டு பட்டியல்களையும் இறக்குங்கள். நீங்கள் மறந்துபோன டெபாசிட் வட்டிகூட அதில் இருக்கும்.

படி 3: பழைய முறையா, புதிய முறையா?

வரிக் கணக்குக்கு இரண்டு முறை உண்டு: கழிவுகள் அதிகம் உள்ள பழையது, கழிவுகள் குறைவான புதியது. புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 4 லட்சத்துக்கு ஒரு படியாக 5, 10, 15 சதவீதம் என்று ஏறும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 இருப்பதால் 12.75 லட்சம் வரை கவலையில்லை, பாலிசியும் வேண்டாம்.

சம்பளம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 போக 14.25 லட்சத்துக்கு வரி 93,750. பழைய முறையில் பிஎஃப், காப்பீடு எல்லாம் சேர்த்து 80சி என்ற கழிவுப் பிரிவில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், நிலையான கழிவு 50,000 என்று கழித்தும் வரி 1,35,000 வருகிறது. இரண்டுக்கும் மேல் 4 சதவீத செஸ், அதாவது வரி மேல் வரி. நிலையான கழிவு போக இன்னும் 5,43,750-க்கு மேல் கழிவு காட்ட முடிந்தால்தான் இந்தச் சம்பளத்துக்குப் பழைய முறை லாபம். ஓசூரில் வாடகைக்கு இருந்து வீட்டு வாடகைப்படியும் வாங்குபவர்கள் மட்டும் இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்.

இவருக்கே தோப்பில் 2 லட்சம் நிகர வருமானம் இருந்தால்? மாங்காய்க்கு நேராக வரி இல்லை, ஆனால் விகிதம் பார்க்க அதைச் சேர்ப்பார்கள். 16.25 லட்சத்துக்கு வரி 1,25,000. அதில் வரியில்லாத 4 லட்சத்தோடு மாங்காயின் 2 லட்சம் சேர்ந்த 6 லட்சத்துக்கான 10,000-ஐக் கழித்தால் 1,15,000. ஆக மாங்காயால் 21,250 கூடிவிட்டது. வருமானத்தை மறைத்தால் இது மிச்சமாகும் என்று தோன்றும், வேண்டாம்.

படி 4: கடை, லாரி வைத்திருப்பவர்களுக்கு

விற்றுமுதல் 2 கோடிக்குள் என்றால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் கணக்குப் புத்தகம் இல்லாமலே, ரொக்க விற்பனையில் 8 சதவீதம், யுபிஐ, வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். உண்மை லாபம் அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். 10 வண்டி வரை வைத்திருக்கும் லாரிக்காரர்களுக்கு 44ஏஇ பிரிவு: கனரக வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று காட்டலாம்.

படி 5: படிவமும் தாக்கலும்

விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய தாக்கல் படிவம் செல்லாது, ஐடிஆர்-2 போடுங்கள். கடைக்காரர்களுக்கும் இதே வரம்பு: ஐடிஆர்-4 போய் ஐடிஆர்-3. இது தெரியாமல் எல்லோருக்கும் ஐடிஆர்-1 தட்டிவிடும் கம்ப்யூட்டர் சென்டர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

பொய் வாடகை ரசீது, போடாத நன்கொடை இவற்றைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பான் எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் குறைத்துக் காட்டிய வரியைப் போல் 2 மடங்கு அபராதம், அது உங்கள் பெயரில்தான் வரும்.

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதைத் தாண்டினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, தாமதக் கட்டணமும் 5,000 வரை போகும். அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது.